பார்த்ததைச் சொல்ல ஓர் ஆள்

குலசேகரம்
20-8-2025

அன்புள்ள ஸ்டெல்லாவுக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. முட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். மாமிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மழைதான் விடுகிற மாதிரி இல்லை. ரப்பர் வெட்டு பாதி நாள் நடக்கவில்லை. உன் அத்தான் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பதும் உள்ளே வருவதுமாக இருக்கிறார்.

நீ கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்ததற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணி வரை போனில் கொரியத் தொடர் பார்க்கிறேன், பேரன் சிரிக்கிறான், மருமகள் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள், எனக்குக் கிறுக்கு பிடித்துவிட்டதா பிள்ள என்று கேட்டிருக்கிறாய். ஒரு கிறுக்கும் இல்லை. நீ சொன்ன அந்த ‘டே ஜங் கெம்’ தொடரை மகனிடம் சொல்லி டிவியில் போட வைத்தேன். 54 பாகம் என்றதும் அவனுக்கே மலைப்பு. நான் இப்போது பாதிக்குப் பக்கத்தில் இருக்கிறேன்.

அரண்மனைச் சமையல்கட்டில் வேலை பழக வந்த சின்னப் பெண்ணிடம் அந்த ஹான் அம்மாள் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிற இடம் ஞாபகம் இருக்கிறதா? கொண்டுவருகிறாள். இது இல்லை, வேறு கொண்டுவா என்கிறார். வெந்நீர் கொண்டுவருகிறாள், அதுவும் இல்லை. நாட்கணக்கில் இதே வேலை. கடைசியில் அந்தப் பிள்ளைக்குத் தன் அம்மா ஞாபகம் வருகிறது. அம்மா தண்ணீர் கொடுக்கும் முன் இத்தனை கேள்வி கேட்பாளே என்று நினைத்து, வயிறு வலிக்கிறதா, தொண்டை வலிக்கிறதா என்று ஹான் அம்மாளைக் கேட்கிறாள். கேட்டுவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டுக் கொடுத்து, மெதுவாகக் குடியுங்கள் என்கிறாள். நான் அங்கேயே நிறுத்திவிட்டு அடுக்களைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். வெயிலில் வந்தவருக்கு உடனே பச்சைத் தண்ணீர் கொடுக்காதே, கொஞ்சம் இருக்கச் சொல்லு, சீரகத் தண்ணீர் ஆறியிருக்கா பாரு என்று உன் அம்மா சொல்வார்களே, அதே பேச்சு. எந்த ஊரிலோ, ஐநூறு வருஷத்துக்கு முந்தின கதை என்று வைத்து எடுத்த தொடரில் உன் அம்மா வந்து நிற்கிறார்கள். இதைப் பார்ப்பது கிறுக்கு என்றால் எனக்கும் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

நமக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். தக்கலையில் உன் பெரியப்பா வீட்டு டிவியிலிருந்துதான். கொடைக்கானல் டவரெல்லாம் வருவதற்கு முன்னால் நம் பக்கத்துக்குத் திருவனந்தபுரம்தானே கதி. தென்னை மரத்தை ஒட்டிக் குழாய் நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனா. காற்றடித்தால் திரும்பிவிடும். உன் அண்ணன் கீழே நின்று குழாயைத் திருப்புவான், நீ ஜன்னலில், நான் டிவி பக்கத்தில். “இப்போ?” “ஆளு தெரியுது, சத்தம் இல்ல.” “இப்போ?” “ஐயோ, இருந்ததும் போச்சு!” ஒளியும் ஒலியும் பற்றி மெட்ராஸ் சொந்தக்காரர்கள் பெருமையாகப் பேசுவார்கள். நமக்குக் கிடைத்தது மலையாளமும் டெல்லி இந்தியும். அதுவும் நல்லதற்குத்தான். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் நம் ஊர். உன் ஆச்சி மலையாளத்தில் கணக்கெழுதித் தமிழில் பாட்டுப் பாடுவார்கள். இன்னொரு பாஷை காதில் விழுந்தால் எழுந்து போகிற பழக்கம் நமக்கு இல்லை. நீ இன்றைக்குக் கொரிய மொழியைக் கேட்டுக்கொண்டே கீழே ஓடும் எழுத்தைப் படிக்கிறாயே, அதற்குப் பயிற்சி அந்தத் திண்ணையிலேயே ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் படத்தை நினைத்துப் பார். காது கேளாதோருக்கான செய்தி முடிந்ததும், விருது வாங்கிய மாநில மொழிப் படம். வங்காளமோ அசாமியமோ ஒரியாவோ, அன்றைக்கு எது வருகிறதோ அது. ஆரம்பத்தில் அறை நிறைய ஆள் இருக்கும். ஒரு கிழவர் வரப்பில் நடப்பார், நடந்துகொண்டே இருப்பார். பாட்டு வராது, சண்டை வராது. முதலில் பையன்கள் போவார்கள், அப்புறம் சித்திமார், அப்புறம் பெரியப்பாவே தூங்கிவிடுவார். கடைசியில் நீயும் நானும். நமக்கு மட்டும் ஏன் பிடித்தது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் படம் முடிந்து பத்மநாபபுரம் கோட்டைச் சுவர் ஓரமாக நடந்துபோய், அந்தக் கிழவர் நிலத்தை விட்டுக் கொடுத்திருக்கலாமா கூடாதா என்று சண்டை போட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. பார்த்த நேரத்தை விடச் சண்டை போட்ட நேரம் அதிகம்.

1988இல் ஷியாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’ வந்தபோதும் அப்படித்தான். நேருவின் புத்தகத்தை வைத்து 53 பாகம். அதில் சங்க காலமும் சிலப்பதிகாரமும் வந்ததே, மறந்திருக்க மாட்டாய். வழக்குரை காதையை மனப்பாடம் பண்ணி ஒப்பித்த நமக்கு முன்னால் கண்ணகி இந்தியில் பேசினாள். உனக்குக் கோபம் வந்தது, எனக்கு அழுகை வந்தது. எந்தப் பாஷையில் கேட்டாலும் நியாயம் நியாயம்தானே என்று நான் சொல்ல, மதுரையில் போய் யாராவது இந்தியில் வழக்காடுவார்களா என்று நீ கேட்டாய். இரண்டு நாள் பேசவில்லை நாம். இப்போது பிரசார் பாரதி அதை யூடியூபில் போட்டிருக்கிறது. திரும்பப் பார்த்தேன். நான் அன்றைக்குச் சொன்னதையேதான் இன்றைக்கும் சொல்வேன், நீ என்ன சொல்வாய் என்று எழுது.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கிரிக்கெட்டில் ஐந்து நாள் ஆடுகிற டெஸ்ட் மேட்ச் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியும். இந்த வீட்டில் யாருக்கும் பிடிக்காது. மகன் ஐபிஎல் பார்ப்பான். உன் அத்தானுக்கு மலையாளச் செய்தி போதும். மாமிக்குச் சாயங்காலம் தொடங்கிப் படுக்கிற வரைக்கும் தொடர். ஆகையால் எனக்கு வாய்த்தது ஆஸ்திரேலியாவில் நடக்கிற மேட்ச்தான். சிட்னியில் ஆடினால் நமக்குக் காலை ஐந்து மணிக்குத் தொடங்கிவிடும். வீட்டில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். சத்தத்தை அடியோடு குறைத்து, கருப்பட்டிக் காப்பி போட்டுக்கொண்டு உட்காருவேன். ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களுக்கு நடுவில் வெட்டுக்காரர்களின் தலைவிளக்கு நகர்ந்துகொண்டிருக்கும்.

2021 ஜனவரி 11. சிட்னியில் ஆஸ்திரேலியாவோடு ஆடிய டெஸ்டின் கடைசி நாள். நாம் ஜெயிக்க 407 ரன் எடுக்க வேண்டும். பந்த் 97 அடித்து அவுட். புஜாரா 77இல் போல்டு. அப்புறம் உள்ளே நிற்பது விஹாரியும் நம் அஸ்வினும். ஜடேஜாவுக்குக் கட்டைவிரல் உடைந்திருக்கிறது. விஹாரிக்கு ஓடும்போது தொடைத் தசை போய்விட்டது, ஒரு ரன் கூட ஓட முடியாது. அஸ்வினுக்கு முதுகு. அன்று காலை குனிந்து ஷூ லேஸ் கட்டக்கூட முடியவில்லை என்று அவர் மனைவி பிறகு எழுதியிருந்தார். ஆட்டம் முடியும் வரை அவுட் ஆகாமல் நின்றால் தோற்க மாட்டோம். இரண்டு பேரும் நாற்பது ஓவருக்கு மேல் நின்றார்கள், ஸ்டெல்லா. விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. பந்து விலா எலும்பில் படுகிறது, தோளில் படுகிறது, அஸ்வின் முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி கோட்டில் வந்து நிற்கிறார். நடுவில் விஹாரியிடம் அவர் தமிழில் பேசுவது ஸ்டம்ப் மைக்கில் கேட்டது. அதைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அரிசி களைந்து வைத்தது அப்படியே கிடந்தது. மத்தியானம் டிரா என்று கை குலுக்கியபோது நான் அழுதுகொண்டிருந்தேன். ரப்பர் பால் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்த வெட்டுக்கார அண்ணன் பயந்துபோய், “என்னம்மா, யாருக்கும் ஏதாவது ஆச்சா?” என்றார். “இல்லண்ணே, மேட்ச் டிரா.” “ஜெயிக்கலியா?” “இல்ல.” “அப்போ தோத்தாச்சா?” “தோக்கவும் இல்ல.” அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை!

ஹைலைட்ஸில் அஞ்சு நிமிஷத்தில் பார்த்துக்கொள்ளலாமே அம்மா என்கிறான் மகன். அந்த நாற்பது ஓவரை எப்படி அஞ்சு நிமிஷத்தில் காட்டுவது? காட்ட அதில் ஒன்றும் இல்லை. பந்து வருகிறது, தடுக்கிறார், அவ்வளவுதான். நேரம் போகப் போகத்தான் அது பெரிதாகிறது. அந்த நேரத்தைக் கொடுக்காதவருக்கு அதைச் சொல்லிப் புரிய வைக்க எனக்குத் தெரியவில்லை. உன் ஜங் கெம் தொடரில் தண்ணீர் நாட்கணக்கில் வருவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். முதல் தடவையே கேள்வி கேட்டிருந்தால் அந்தக் காட்சிக்கு உயிர் இல்லை.

இந்த மாதம் 4ஆம் தேதி இங்கிலாந்தில் ஓவல் மைதானத்து மேட்ச் முடிந்ததே, அன்றைக்கு மட்டும் ஊரே டெஸ்ட் பார்த்தது. இங்கிலாந்துக்கு 35 ரன் வேண்டும், கையில் நாலு விக்கெட். அவர்களுடைய வோக்ஸ் தோள் எலும்பு இடம் பெயர்ந்து, கையை ஸ்வெட்டருக்குள் கட்டிக்கொண்டு இறங்கினார். நம் சிராஜ் காலடியில் விழுகிற யார்க்கர் பந்து போட்டு முடித்தார், ஆறு ரன்னில் ஜெயித்தோம். மகன் ஆபீஸிலிருந்து போன் செய்து, “அம்மா பாத்தியா!” என்றான். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவனுக்கு அந்தக் கடைசி ஒரு மணி நேரம்தான் தெரியும். அந்தத் தொடரின் ஐந்து மேட்சும் ஐந்தாம் நாள் வரை போனது, மான்செஸ்டரில் பந்த் உடைந்த காலோடு இறங்கியது, ஜடேஜாவும் வாஷிங்டன் சுந்தரும் நின்று காப்பாற்றியது, இதையெல்லாம் சேர்த்து வைத்திருந்த எனக்கு அந்த யார்க்கர் வேறு மாதிரி விழுந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன், மீட்டிங் இருக்கிறதென்று வைத்துவிட்டான்.

தனியாகப் பார்ப்பதில் எனக்கு வருத்தம் கிடையாது. பார்த்து முடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் சோறு வடிக்கப் போவதில்தான் வருத்தம். மாமியைப் பார்க்கிறேனே. காலையில் வேலி ஓரம் பக்கத்து வீட்டு மைனி வந்து நின்றால் போதும், முந்தின நாள் தொடரை இரண்டு பேரும் வரி விடாமல் பேசுவார்கள். அந்த மருமகள் நகையை எங்கே வைத்தாள், கொழுந்தன் எதற்குப் பொய் சொன்னான், இனி என்ன ஆகும். எண்பது வயதைத் தாண்டிய மாமிக்கு நாலு தொடரின் அத்தனை உறவும் தலைகீழாகத் தெரியும். அந்தத் தொடர்களை மட்டமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நாங்கள் உசத்தியானதைப் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களோடு சேரவும் எனக்கு மனசில்லை. மாமியிடம் எனக்கு ஒரே ஒரு பொறாமைதான், அந்த வேலி. கல்யாண வீட்டில் பெண்கள் கூடி உட்கார்ந்தால் பேச்சு தொடருக்குப் போய்விடும். நான் சிரித்துக்கொண்டு இலை எடுக்க எழுந்துவிடுவேன்.

அதனால் ஒரு யோசனை. நீ எந்த நாட்டுத் தொடர் பார்த்தாலும் எனக்குப் பெயரை எழுது, நானும் பார்க்கிறேன். நீ எனக்காக ஒரே ஒரு டெஸ்ட் பார்க்க வேண்டும். நவம்பரில் ஆஸ்திரேலியாவில் அவர்களும் இங்கிலாந்தும் ஆடுகிற ஆஷஸ் டெஸ்ட் தொடர் தொடங்குகிறது. டிசம்பர் 26ஆம் தேதி மெல்போர்ன். கிறிஸ்துமஸுக்கு நீ ஊருக்கு வருவாய்தானே? 25ஆம் தேதி உன் அண்ணன் வீட்டில் சாப்பாட்டை முடித்துவிட்டு ராத்திரி இங்கே வந்துவிடு. காலையில் ஐந்து மணிக்கு எழுப்பிவிடுகிறேன். விதி எல்லாம் நான் சொல்லித் தருகிறேன், பயப்படாதே. சுசீந்திரம் தேருக்கும் அந்தச் சமயத்திலேயே போய்வந்துவிடலாம். முந்திரிக்கொத்து செய்து வைக்கிறேன், உனக்குச் சீனி ஏறாமல் இருந்தால் தருவேன்.

சின்னவளுக்கு வரன் ஏதாவது அமைந்ததா? அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே. மருமகளை நான் விசாரித்ததாகச் சொல். பேரன் சிரித்தால் சிரிக்கட்டும், ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கேட்கிற பாகத்தை மட்டும் போட்டுக் காட்டு. ஹான் அம்மாளுக்கும் அந்தச் சோய் அம்மாளுக்கும் நடக்கிற சமையல் போட்டியில் இப்போது நிற்கிறேன். அதற்கு மேல் என்ன நடக்கிறது என்று அடுத்த கடிதத்தில் சொல்லிவிடாதே.

அன்புடன்,
லலிதா