‘பகா எண்’ என்று முடிவு கட்டுமுன்

ஆசிரியருக்கு,

மாணவர் பக்கத்து எண் புதிரில் 4294967297 ஒரு பகா எண் என்று விடை வந்திருந்தது. ஒற்றைப்படை எண், இலக்கங்களின் கூட்டுத்தொகை 59 என்பதால் 3-ஆல் வகுபடாது, 7, 11, 13-ஆலும் வகுபடாது என்று காரணம் சொல்லியிருந்தார்கள். காரணங்கள் அத்தனையும் சரி. முடிவுதான் தவறு. இந்த எண் 641 × 6700417.

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது இது. பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவே நம்பியிருந்தார். 1732-இல் கணித மேதை ஆய்லர்தான் 641 அதன் காரணி என்று கண்டுபிடித்தார். ஆகவே புதிர் போட்டவரைக் குறை சொல்ல மனமில்லை. வழிமுறையை மட்டும் மாணவர்கள் தப்பாகப் பழகிவிடக் கூடாது.

ஓர் எண்ணைப் பகா எண் என்று சொல்ல, அதன் வர்க்கமூலம் வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். இங்கே வர்க்கமூலம் 65536-ஐ மயிரிழை தாண்டும். அதற்குள் 6542 பகா எண்கள் உள்ளன. நான்கைந்தோடு நிறுத்தினால் ஒன்றும் தெரியாது.

அதற்காக 6542 முறை வகுக்கவும் வேண்டாம். இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியையும் 128-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்டவை 129, 257, 385, 513, 641 என்று போகும். 129, 385, 513 மூன்றும் பகு எண்கள், தள்ளிவிடலாம். 257-ஆல் வகுத்தால் மீதி 2. அடுத்தது 641.

பத்து இலக்க எண்ணை அப்படியே வகுக்கத் தேவையில்லை. மீதிகளை மட்டும் வர்க்கப்படுத்திக்கொண்டே போகலாம். 2-இன் 8-ஆம் அடுக்கு 256. அதன் வர்க்கம் 65536. 641-ஆல் வகுத்தால் மீதி 154. அதன் வர்க்கம் 23716, மீதி 640. 2-இன் 32-ஆம் அடுக்குக்கான மீதி இதுவே. 1 கூட்டினால் 641, அதாவது மீதி பூஜ்யம்.

6700417-க்கும் அதே நிபந்தனைதான். வர்க்கமூலம் சுமார் 2588 என்பதால் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்தால் வகுத்துப் பார்த்தால் போதும். எதனாலும் வகுபடாது, எனவே அது பகா எண்.

கணினியில் சோதிப்பவர்களும் கவனிக்க வேண்டும். 2-ஐ அடியாகக் கொண்ட ஃபெர்மா சோதனையில் (2-ஐச் சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது) 4294967297 பகா எண் போலவே தேறிவிடும். 3-ஐ அடியாக வைத்தால்தான் மாட்டும். எக்செல் இன்னும் மோசம். 15 இலக்கங்களுக்கு மேல் அது வைத்துக்கொள்வதில்லை. இதே வரிசையில் அடுத்த எண்ணான, 2-இன் 64-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வரும் 18446744073709551617-ஐ உள்ளிட்டால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகி, 10-ஆல் வகுபடும் எண்ணாகத் தெரியும். உண்மையில் அதன் மிகச் சிறிய பகாக் காரணி 274177.

திருத்தம் வெளியிடும்போது காரணியை மட்டும் போடாமல், 256, 154, 640 என்ற மீதிக் கணக்கையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

– கணித ஆசிரியர் ஒருவர்