பரமக்குடிக்குப் பிறகு

மண்டபம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ அனுப்பிய பயணத் திட்டத்தை உன் அம்மா வாய்விட்டுப் படித்தாள். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் இரண்டு முறை படித்தேன். பொங்கலுக்கு டெல்லியிலிருந்து காரிலேயே வருகிறீர்கள் என்றதும் எனக்கு உண்டான சந்தோஷத்தைப் போனில் சொல்ல வரவில்லை. அதனால்தான் கடிதம். இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வழி தேட வேண்டிய வேலையே இல்லை. டெல்லியிலிருந்து மதுரை வரை 44ஆம் எண் சாலை, மதுரையிலிருந்து நம் வீட்டுக்கு 87. எல்லாம் சேர்த்து சுமார் 2,700 கி.மீ. நாக்பூருக்குத் தெற்கே அந்தச் சாலையை எனக்கு உள்ளங்கை மாதிரி தெரியும். நாங்கள் லாரி ஓட்டிய காலத்தில் அதற்கு ஏழாம் நம்பர் ரோடு என்று பெயர். உச்சிப்புளித் தேங்காயை ஏற்றிக்கொண்டு போய், ஆரஞ்சு ஏற்றிக்கொண்டு திரும்புவேன். 21 வருடம் அதுதான் பிழைப்பு.

முதல் நாள் விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்புவதாக எழுதியிருக்கிறாய். நம் ஊரில் அது நல்ல வழக்கம். ஜனவரி மாதத்து டெல்லியில் வேண்டாம் அம்மா. ஆக்ரா, குவாலியர் வரைக்கும் பனிமூட்டம் அடைத்துக்கொண்டு கிடக்கும். நின்றுபோன லாரியின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியும்போது பிரேக் பிடிக்க இடம் மிஞ்சாது. வெயில் ஏறி, சாலை நன்றாகத் தெரிந்த பிறகு புறப்படுங்கள். பனிக்குள் மாட்டிக்கொண்டால் ஹைபீம் போடாதே, வெளிச்சம் திரும்பி வந்து நம் கண்ணிலேயே அடிக்கும்.

பேத்திக்கு ஆறுகளைக் காட்டிக்கொண்டு வா. தோல்பூரில் சம்பல், நரசிங்பூர் பக்கம் நர்மதை, நிர்மலுக்கு அருகில் கோதாவரி, அப்புறம் கிருஷ்ணா, கர்னூலில் துங்கபத்ரா, நாமக்கல் தாண்டியதும் காவிரி. கடைசியாக மதுரையில் வைகை. அந்த வைகைத் தண்ணீர்தான் நம் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேருகிறது என்று சொல். அவள் கேட்டுக்கொண்டே வருவாள். சிவனிக்கும் நாக்பூருக்கும் நடுவே பெஞ்ச் காடு வரும். விலங்குகள் அடியில் கடந்து போவதற்காக அங்கே சாலையையே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தைப் பகலில் கடந்தால் குழந்தைக்கு நல்ல வேடிக்கை.

தர்மபுரி தாண்டியதும் தொப்பூர் இறக்கம். கியரைக் குறைத்து இறங்கு. பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது. பாரம் ஏற்றிய லாரிகளுக்கு அங்கே நேர்வது அதுதான். கண்ணாடியில் பெரிய வண்டி தெரிந்தால் அதற்கு முன்னால் ஓட்டாதே, வழிவிட்டு ஒதுங்கிவிடு.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். உன் திட்டத்தில் நான்காம் நாள்: அனந்தபூர் முதல் மண்டபம், 800 கி.மீ., வருகை இரவு 11 மணி. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீ மூன்றாம் வகுப்பு படித்த வருடம், மார்கழியில், என் லாரி கண்மாயில் இறங்கியது உனக்கு நினைவிருக்கும். டயர் வெடித்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். முதலாளியிடமும் அதையே சொன்னேன். டயர் வெடிக்கவில்லை. நான் தூங்கிவிட்டேன்.

நாக்பூரை விட்டு நான்காவது இரவு அது. பரமக்குடியில் டீ குடித்தோம். "அண்ணே, இங்கேயே படுத்துவிட்டு விடிந்ததும் போகலாம்" என்றான் கிளீனர் பையன். "இன்னும் 75 கிலோமீட்டர்தானே, வீட்டில் போய்ப் படுக்கலாம்" என்றேன். சத்திரக்குடி தாண்டியது வரை நினைவிருக்கிறது. அதன் பிறகு இடதுபக்கச் சக்கரத்துக்கு அடியில் சரளைக்கல் நொறுங்கிய சத்தம். கண்ணைத் திறப்பதற்குள் வண்டி கரையில் சரிந்து, மூக்கைத் தண்ணீரில் குத்தி நின்றுவிட்டது. ஒரு விளக்கு மட்டும் தண்ணீருக்குள் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் ஆரஞ்சுப் பழங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து மிதந்தன. பையனுக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. அந்த வலியிலும் "அண்ணே, உங்களுக்கு ஒன்றுமில்லையே" என்று கேட்டான்.

பொங்கலுக்குப் பொங்கல் வேட்டி எடுத்துக்கொண்டு யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டாயே, அவன் வீட்டுக்குத்தான். இன்றும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறான். இவ்வளவு நாள் உன் அம்மாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. நேற்றுத்தான் சொன்னேன்.

ஆயிரக்கணக்கான மைல் ஓட்டியும் மற்ற ஊர்களில் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. வெளியூரில் கண் எரிந்தால் ஓரம்கட்டிப் படுத்துவிடுவேன். நம் ஊர்க் கருவேலங்காட்டைப் பார்த்ததும் வீடு வந்துவிட்டது என்று உடம்பு தளர்ந்துவிடுகிறது. நான்கு வழிச் சாலையும் பரமக்குடியோடு முடிகிறது. அதற்குப் பிறகு எதிர் வண்டி வெளிச்சம் நேராக முகத்தில் அடிக்கும், ஆடு மாடு குறுக்கே வரும். நாள் முழுக்க ஓட்டிக் களைத்தவர்கள் இருட்டில் அந்தச் சாலைக்கு வரக் கூடாது.

அதனால் நான்கு நாளை ஆறு நாளாக்கு. ஜான்சி, சிவனி, நிர்மல், கர்னூல், கிருஷ்ணகிரி என்று ஐந்து இரவு தங்குங்கள். ஒரு நாளைக்கு 400 முதல் 500 கி.மீ. வரும், இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விடலாம். நீயும் மாப்பிள்ளையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி ஓட்டுங்கள். விடுமுறை போதாது என்றால் திரும்பும்போது ரயிலில் போங்கள், காரை நான் பார்த்துக்கொள்கிறேன். உப்புக் காற்றில் அடிப்பாகம் துருப்பிடிக்காமல் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவி வைப்பேன்.

நீங்கள் வந்த மறுநாள் எல்லோரும் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை போவோம். பாம்பன் பாலத்தில் நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். 1988 அக்டோபரில் அதைத் திறந்தபோது உன் அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். 2025இல் திறந்த புதிய ரயில் பாலமும் பக்கத்திலேயே தெரியும், கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே மேலே ஏறும். பேத்தி பார்க்கட்டும். தனுஷ்கோடியில் மட்டும் காரைத் தார்ச்சாலையை விட்டு மணலில் இறக்கிவிடாதே.

அம்மா பனங்கிழங்குக்குச் சொல்லிவைத்துவிட்டாள். கிருஷ்ணகிரியில் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் வெயில் சாயும் முன் வந்துவிடலாம். பரமக்குடியில் நிறுத்தி, முகம் கழுவி, டீ குடித்துவிட்டு எனக்குப் போன் செய். நான் உச்சிப்புளியில் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா