உங்க ஐயா ஏர்கன் விஷயமா

மாப்ள சொக்கு,

"ஐயாவோட டயானா ஏர்கன்ன ஒரு டீலர் எட்டாயிரம் ரூவாய்க்குக் கேக்குறான், என்ன வெல போகும்"னு கேட்டு நீ வாட்ஸப்புல அனுப்புன போட்டோவ பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தும் ஒண்ணும் வெளங்கல, முக்காவாசி உன் தம்பி கட்டைவிரல்தான் தெரியுது. சரி நேர்லயே பாத்துருவோம்னு ஞாயித்துக்கெழமை காலைல கோட்டையூர் போயிட்டேன். நீ போன் பண்ணிச் சொல்லிட்டதால வாட்ச்மேன் சாவியோட முகப்புலயே உக்காந்திருந்தாரு. வீடு நல்லாத்தான் இருக்கு, ரெண்டாங்கட்டுல மட்டும் ஒரு மூலை ஒழுகுது, அத மழைக்கு முன்னாடி பாத்துருங்க. பங்காளிக பங்கு பிரிக்கிற வரைக்கும் பொறுக்கலாம்னு நெனச்சீங்கன்னா பிரிக்கிறதுக்கு ஓடு இருக்காது.

பொட்டி மூணாங்கட்டு அறையில, பர்மா தேக்குப் பொட்டி. பழைய வேட்டில சுத்தி வச்சிருந்தாக. பிரிச்சதும் வாட்ச்மேன் மூஞ்சி சுருங்கிப்போச்சு, அவரு கொள்ளுகுடிப்பட்டிக்காரரு, வேட்டங்குடி பறவைங்க சரணாலயம் இருக்கே அந்த ஊரு, "எங்க ஊர்ல தீவாளிக்கே வெடி போடமாட்டோம்ணே, இதெல்லாம் எதுக்கு"ன்னாரு. சுடப்போறதில்லண்ணே, படிக்கத்தான் போறேன்னேன். அவருக்கு நம்பிக்கை இல்ல, கடைசி வரைக்கும் நிலைப்படியிலயே நின்னுக்கிட்டிருந்தாரு.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இது டயானா இல்ல. உன்னையும் கொற சொல்ல முடியாது, நம்ம பக்கம் எந்த ஏர்கன்னா இருந்தாலும் "டயானா கன்"னுதானே பேரு, கொப்புடையம்மன் திருவிழால பலூன் சுடுற கடைக்காரன் வச்சிருந்தது கூட நமக்கு டயானாதான். நெஜ டயானா ஜெர்மனில ராஸ்டாட்ங்கிற ஊர்ல செஞ்சது, 1890-ல ஆரம்பிச்ச கம்பெனி. முத்திரையே அழகா இருக்கும்டா, வேட்டைத் தேவதை வில்லத் தூக்கி எறிஞ்சிட்டு ஏர்கன்ன மேல தூக்கிப் பிடிச்சிருப்பா. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் அந்தக் கம்பெனி மெஷின், பேரு எல்லாம் பிரிட்டன்காரன் கைக்குப் போயி ஸ்காட்லாந்துல மில்ப்ரோன்னு ஒருத்தன் "டயானா"ன்னு அடிச்சு வித்தான், அசல் ஜெர்மன்காரன் அவன் சரக்க இங்கிலாந்துல "ஒரிஜினல்"னு பேர் போட்டு விக்க வேண்டியதாப் போச்சு. சொந்த வீட்டுக்காரன் வாடகைக்கு இருந்த கதை. அதனால டயானால எழுத்தப் படிக்காம வெல சொல்லவே முடியாது.

எங்கிட்ட இருந்தது அப்பிடி ஒண்ணுதான், என் மாமனார் குடுத்தாகளே, ஞாபகம் இருக்கா. இருபது வருஷம் முன்னாடி ஒரு பாலிஷ் பட்டறைல குடுத்து பஃப் அடிச்சு நிக்கல் பூசிக் குடுங்கன்னேன். கல்யாணத்துக்கு விக்கிற குத்துவெளக்கு மாதிரி மினுக்கிக் கையில குடுத்தான், எனக்கும் ஒரே பெருமை. ரெண்டு வருஷம் கழிச்சு வெவரம் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுக்கு வந்தவரு கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இதுல எழுத்து எங்க"ன்னாரு. தேவதையும் இல்ல, ஊர்ப்பேரும் இல்ல, பின்பக்கம் பொடியா மாசமும் வருஷமும் அடிச்சிருப்பான், அதுவும் இல்ல. ராஸ்டாட்டா ஸ்காட்லாந்தான்னு கூடச் சொல்ல முடியாத ஒரு மினுக்குற குழா. அன்னைக்கு அவரு ஒண்ணும் சொல்லல, டீய மட்டும் குடிச்சிட்டுப் போயிட்டாரு.

அதனாலதான் உன் தம்பி மேல எனக்குக் கோவம். அவன் உப்புத்தாள் போட்டிருக்கான்டா! ஒரு ரூவா காசு அகலத்துக்கு, சிலிண்டர் மேல, எழுத்துக்கு ஒரு விரக்கட தள்ளி, வெள்ளையா பளிச்சுனு இருக்கு. இன்னும் கொஞ்சம் தேச்சிருந்தான்னா முடிஞ்சது கதை. போன் போட்டுத் திட்டிட்டேன், நீயும் ஒருவாட்டி திட்டிரு.

தப்பிச்ச எழுத்து இருக்கே, அதுதான் விஷயம். வெளிச்சத்துக்குச் சாய்ச்சு, மேல கொஞ்சம் விபூதியத் தடவித் தொடச்சுப் பாத்தேன், பள்ளத்துல வெள்ள நின்னு எழுத்து எந்திரிச்சு வருது. மூணு ரைபிள ஒண்ணோட ஒண்ணு சாச்சு நிறுத்துன முத்திரை, பி.எஸ்.ஏ., பர்மிங்ஹாம். உன் தம்பிகிட்ட சொன்னா "அது சைக்கிள் கம்பெனிண்ணே"ங்கிறான். சைக்கிளும் செஞ்சாந்தான், மோட்டார் சைக்கிளும் செஞ்சான், நம்ம பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தாக அம்பத்தூர்ல போட்ட டிஐ சைக்கிள்ல வந்த பி.எஸ்.ஏ.வும் அந்தப் பேருதான். ஆனா பேரு என்ன, பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ், தொடக்கமே துப்பாக்கிதானே.

முத்திரை இல்லாட்டியும் ஒடம்பப் பாத்தே சொல்லியிருப்பேன். பலூன் கடை ஏர்கன்ன நடுவுல ஒடைச்சுதானே லோடு பண்ணுவோம், இது ஒடையாது, பேரல் அசையாம நிக்கும், அடியில நீளமா ஒரு லீவர், அத எறக்கித்தான் ஸ்ப்ரிங்க இழுக்கணும். குண்டு போடறதுக்கு மேல ஒரு டேப்பு, அசல் தண்ணிக்குழா திருகு மாதிரியே, திருப்புனா ஓட்டை மேல பாத்து வரும், குண்டப் போட்டுட்டுத் திருப்பி விட்டா பேரலுக்கு நேரா போயிரும். லிங்கன் ஜெஃப்ரீஸ்னு பர்மிங்ஹாம் துப்பாக்கிக்காரரு 1904-ல பேடண்ட் வாங்குன வேல இது, பி.எஸ்.ஏ. அத எடுத்துக்கிட்டு 1905-லருந்து 1939-ல போர் வர்ற வரைக்கும் செஞ்சான். பேரல் அசையாததால குறி தப்பாது, அதுக்குத்தான் அவ்வளவு பேரு.

இப்ப உனக்குப் பிடிக்காத ரெண்டு சங்கதி.

ஒண்ணு, உங்க வீட்டுக் கதை. உங்க ஐயாவோட அப்பாவுக்கு மொத உலகப்போருக்கு முந்தியே ரங்கூன்ல ஒரு வெள்ளைக்கார அதிகாரி பரிசாக் குடுத்ததுன்னு உங்க அப்பச்சி சொல்லுவாகள்ல, அது ஒத்துவரல. ட்ரிக்கர் ப்ளாக்குல, அதான் விசை மாட்டியிருக்குற எடத்துல, நம்பருக்கு முன்னாடி எஸ்னு ஒரு எழுத்து இருக்கு. எஸ்னா ஸ்டாண்டர்ட், எல்னா லைட், இந்த எழுத்து போடற வழக்கமே போர் முடிஞ்சு 1919-ல திரும்ப ஆரம்பிச்சப்பதான் வந்துச்சு. இஞ்சு டேப்ப வச்சு நீளத்த அளந்தேன், 45 இஞ்சுக்கு மேல கொஞ்சம், லைட் மாடல்னா 39தான் வரும், அதனால ஸ்டாண்டர்டுங்கிறதுல சந்தேகமே இல்ல. பரிசுங்கிறது எனக்கென்னமோ நம்பிக்கையில்ல, காசு குடுத்து வாங்கியிருப்பாக. அப்பிடி வாங்கியிருந்தா நம்ம ஆளுக எழுதாம விட்டிருப்பாகளா, தீப்பெட்டி வாங்குனதையே பேரேட்டுல ஏத்துன கூட்டம். பட்டாலை மேல்மச்சுல பழைய கணக்குப் புஸ்தகமெல்லாம் கட்டுக்கட்டா கெடக்கு, செல்லரிக்கிறதுக்கு முன்னாடி 1920-லருந்து பொரட்டச் சொல்லு. ஒரு வரி கெடச்சா போதும்டா, இன்ன தேதி ரங்கூன்ல இன்ன ரூவாய்க்கு ஏர்கன்னுனு, வெள்ளைக்காரன் கதை நூறு சொல்றத விட வாங்குறவனுக்கு அந்த ஒரு வரிதான் பெருசு. பழைய சாமான் கடைங்க இருக்குற முனீஸ்வரன் கோயில் தெருவுல இத்தன வருஷமா சுத்துறேன், கதை இல்லாத சாமான் ஒண்ணு கூடப் பாத்ததில்ல, காயிதத்தோட வந்த சாமான விரல் விட்டு எண்ணிரலாம்.

ரெண்டாவது சங்கதி இன்னும் மோசம். அந்தக் குண்டு போடற டேப்பு பக்கத்துல தனியா ஒரு நம்பர் இருக்கும், 1, 2, 3ன்னு, அது பேரலோட உள்குழா அளவு. 1னா 0.177 இஞ்சு, 2னா 0.22, 3னா 0.25. வேர்வையத் தொடச்சிட்டு கண்ணாடியப் போட்டுப் பாக்குறேன், 2. அந்த ஒரு நம்பருதான் இப்ப எல்லாத்தையும் மாத்துது. 2016 ஆர்ம்ஸ் ரூல்ஸ் படி உள்குழா அளவு 0.177 இஞ்சுக்கு மேல இருந்தா, இல்லாட்டி குண்டோட சக்தி 20 ஜூலுக்கு மேல இருந்தா, ஏர்கன்னுக்கும் லைசென்ஸ் வேணும். பழைய சாமானுக்கு விலக்கு இருக்குன்னு உன் தம்பி சட்டம் பேசுறான், இருக்கு, ஆனா ரிப்பேர் பண்ணாலும் சுட முடியாத அளவுக்கு ஆயிருந்தாத்தான் அது, இதுக்கு ஒரு ஸ்ப்ரிங்கும் தோல் வாஷரும் மாத்துனா நாளைக்கே சுடும். அந்த எட்டாயிரம் ரூவா டீலர் லைசென்ஸ் பத்தி ஒரு வார்த்தை கேட்டானா? கேக்கலேல்ல, அப்ப அவன் கையில குடுக்காத. லைசென்ஸ் உள்ள ஆயுத டீலர்கிட்ட இல்லாட்டி ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து ஒப்படைச்சு வச்சுட்டு, கலெக்டர் ஆபீஸ்ல வாரிசு பேர்ல கேட்டுப் பாக்குறதுதான் வழி. நம்ம ஸ்கூல் செட்டு வக்கீல்கிட்ட நான் பேசிட்டேன், மொதல்ல நீ நேர்ல வரணும்ங்கிறான்.

வெல எவ்வளவுன்னு நாலுவாட்டி கேட்டிருக்க. இங்கிலாந்துல இந்த ஸ்டாண்டர்ட் நல்ல கண்டிஷன்ல சில நூறு பவுண்டுக்குப் போகுது, பி.எஸ்.ஏ. நெறைய செஞ்சதால ஆகாசத்துக்கெல்லாம் போகாது. ராணுவ ட்ரெயினிங்குக்கு லீ என்ஃபீல்டுங்கிற ராணுவ ரைபிள் சாயல்ல மிலிட்டரின்னு ஒரு மாடல் சில நூறுதான் பண்ணான், அதுவா இருந்தா இந்நேரம் நானே உன்னத் தேடி கோயம்புத்தூர் பஸ் ஏறியிருப்பேன். அதுவும் லண்டன் வெலய வச்சு மனக்கோட்டை கட்டாத, நூறு வருஷம் தாண்டுன சாமான் 1972 தொல்பொருள் சட்டப்படி வெளிநாடு போக முடியாது, இது சரியா அந்த விளிம்புல நிக்குது. இங்க வாங்குறவன் லைசென்ஸ் உள்ளவனா இருக்கணும், அப்பிடி லைசென்ஸோட பழைய துப்பாக்கி சேக்குறவங்க நம்ம நாட்டுல ரொம்பக் கம்மி, அவன் பாக்குறது மூணே விஷயம்தான், இரும்பு மேல கம்பெனி ஏத்துன பழைய நீலப் பூச்சு நூத்துக்கு எத்தன பங்கு மிச்சம், எழுத்து கூர்மையா இருக்கா, திருப்புளி போட்டு ஸ்க்ரூ தலையக் கிழிச்சிருக்கானா. உன்னோடதுல ஸ்க்ரூ ஒண்ணு கூடக் கிழியல, கம்பெனில மாட்டுனவன் கையி அப்பிடியே இருக்கு. நீலம் ஒரு முப்பது சொல்லலாம், மிச்சம் காப்பிக்கொட்டை கலர்ல மாறிப்போச்சு, அந்தப் பழுப்பு அழுக்கு இல்ல, விடு. கைப்பிடிகிட்ட வால்நட் கட்டை விண்டு, எந்தக் காலத்து ஆசாரியோ செம்புக்கம்பி சுத்தி வச்சிருக்காரு, ஒரு சுத்து மேல ஒரு சுத்து ஏறாம வீணைத் தந்தி மாதிரி. வெல கொறையத்தான் செய்யும், ஆனாலும் பிரிக்காத. எண்ணெயும் விடக்கூடாது, தேங்காண்ணெய், மண்ணெண்ணெய் எதையாவது உள்ள விட்டுட்டு சுட்டுப் பாத்தா காத்து அமுங்குற சூட்டுல எண்ணெய் பத்தி உள்ளயே வெடிச்சு ஸ்ப்ரிங்கு போயிரும். நான் லீவரக் கூடத் தொடல, தூசியத் தட்டி அதே வேட்டில சுத்திட்டேன்.

மூடறப்பதான் பொட்டிக்கு அடியில பாத்தேன், அந்த பச்சைக் கரை எனாமல் பேசினு. ஏழாவது லீவுல உங்க அப்பத்தா தூங்குற நேரம் கெணத்தடில சாச்சு வச்சு சுட்டோமே, நீ மூணு, நான் ஒண்ணு. நாலு எடத்துல எனாமல் பெயர்ந்து, கருப்பா வட்டமா, ஒண்ணொண்ணும் மொளகு சைசு இருக்கு. என்னோடது விளிம்புல, இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தா கெணத்துக்குள்ள போயிருக்கும். அதையும் அந்த டீலர் இருநூறு ரூவாய்க்குக் கேட்டானாம், உன் தம்பி சொன்னான். அத நான் எங்க வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன், பங்குல சேத்துக்காதீங்க.

தை பொறக்குறதுக்குள்ள வந்து சேரு. ஆச்சிக்கு மூட்டு வலி இப்ப தேவலையான்னு கேட்டதாச் சொல்லு.

காசி