பேச்சு வரட்டும் என்று வாசலில் நிறுத்தாதீர்கள்

மொரிசியஸில் கோவில் வளாகங்களில் மழலையர் வகுப்பு நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். நான் மழலையர் பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் வளர்ச்சி தாமதமான பிள்ளைகளும் உண்டு. போன மாதம் ஒரு தாய் அழுதுகொண்டே வந்தார். உங்களைப் போன்ற ஒரு குழு அவர் மகனைச் சேர்க்க மறுத்துவிட்டதாம். "பேச ஆரம்பிக்கட்டும், அப்புறம் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றார்களாம். அன்றைக்கே கோபமாக ஒரு மடல் எழுதியிருப்பேன். நல்லவேளை, எழுதவில்லை. நானும் அதே தப்பைச் செய்தவள்தான்.

என்னிடம் நான்கு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். வாயைத் திறந்தால் ஒரே சொல்: "அரோகரா". சாப்பிடும்போதும் அதுதான், கதை நேரத்திலும் அதுதான். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் உதட்டில் விரல் வைத்து அவனை அடக்குவேன். மூன்று மாதம் இப்படியே போனது. ஒருநாள் அவனை அழைத்துப்போக வந்த பாட்டி பேச்சுவாக்கில் சொன்னார்: "காவடியன்று அவன் அப்பா தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அரோகரா சொல்வார், அதைப் பிடித்துக்கொண்டான்."

'என்னைத் தூக்கு' என்று அவன் மூன்று மாதமாக என்னிடம் கேட்டிருக்கிறான்!

கேட்டதையே திருப்பிச் சொல்வதைக் கிளிப்பேச்சு என்று ஒதுக்குகிறோம். பல பிள்ளைகளுக்குப் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. மறுநாள் முதல் அவன் அரோகரா என்றதும் "தூக்கு" என்று சொல்லித் தூக்கினேன். சில வாரங்களில் இரண்டையும் சேர்த்துச் சொன்னான்.

கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம் போதாதென்று தமிழும் வேறா, குழந்தை குழம்பிவிடும் என்று பெற்றோருக்குச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தை இரண்டு மொழி கேட்டு வளர்வதால் அதன் பேச்சு பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அந்தப் பாட்டி தமிழை நிறுத்தியிருந்தால் எனக்கு அந்த ஒரு சொல்லும் கிடைத்திருக்காது.

பெரிய செலவும் கிடையாது. செருப்பு கழற்றுவது, பாட்டு, சாப்பாடு, வீடு என்று அன்றைய வேலைகளைப் படங்களாகச் சுவரில் ஒட்டுங்கள். முடிந்ததைக் குழந்தையே எடுத்து டப்பாவில் போடட்டும். நீளமாகப் பேசாமல் இரண்டு சொல்லில் சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருங்கள். (எனக்கு இதுதான் கஷ்டம். ஆசிரியர் வாய் சும்மா இருக்காதே.) பேசாத பிள்ளை படத்தை எடுத்துக் கொடுத்துத் தண்ணீர் கேட்கப் பழகட்டும். படம் பழகினால் பேச்சு நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். தவில் சத்தத்துக்குக் காதைப் பொத்தினால் பிடித்து உட்காரவைக்காதீர்கள், வெளியே போய் இருக்க ஓரிடம் கொடுங்கள்.

சிறப்புக் கல்வித் தேவைகளுக்கென ஓர் ஆணையம் அமைக்க 2018இல் சட்டம் வந்தது. 2024 ஜனவரி முதல் மழலைக் கல்வி இலவசம். சரி, கட்டணம் இனி தடை இல்லை.

அடுத்த சேர்க்கையில் 'பேசுவானா?' என்று கேட்காதீர்கள். 'வேண்டியதை எப்படிக் கேட்பான்?' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வகுப்புக்கு ஓர் உதவியாளர் வேண்டும். கோவிலில் பூ கட்டும் அக்காக்களில் ஒருவர் வந்தாலும் சனிக்கிழமைகளில் நானே பழக்கித் தருகிறேன். அந்தத் தாய்க்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை
ரோஸ் ஹில்