மலையகத்துப் பச்சிளம் பிள்ளைகளின் சூட்டை யார் பார்ப்பது?

இலங்கையின் மத்திய, ஊவா மாகாணங்களின் சுகாதாரத்துறைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். குறைமாதத்திலும் எடை குறைந்தும் பிறந்த பிள்ளைகளைப் பராமரித்து ஓய்வு பெற்ற தாதி நான். பெரிய இயந்திரங்கள் எதையும் கேட்கவில்லை. நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியாக் குளிரில் அந்தப் பிள்ளைகளின் உடற்சூடு விழாமல் பார்க்க வழிசெய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

2,500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தோலுக்கடியில் கொழுப்பு போதாது. நம்மைப்போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் வராது. அக்குளில் 36.5 பாகைக்குக் கீழே இறங்கினால், இருக்கிற கொஞ்சச் சர்க்கரையையும் ஒட்சிசனையும் செலவழித்துச் சமாளிக்கப் பார்க்கும். பிறகு பால் குடிக்காது, மூச்சுத் திணறும். இவ்வளவும் அழுகைச் சத்தமே இல்லாமல் நடக்கும். பார்க்க வந்தவர்கள் "தொல்லை தராத பிள்ளை" என்று மெச்சிக்கொண்டிருப்பார்கள். பாதத்தைத் தொட்டால் சில்லிட்டுக் கிடக்கும்.

வெப்பமானியும் ஏமாற்றும். சாதாரணப் பாதரச வெப்பமானியின் அளவே 35 பாகையில்தான் தொடங்குகிறது. 33க்கு இறங்கிவிட்ட பிள்ளையின் பதிவிலும் 35 என்றே ஏறிவிடும். அதற்குக் கீழேயும் காட்டும் வெப்பமானி ஒன்றை ஒவ்வொரு பிரசவ அறைக்கும் தோட்ட மருந்தகத்துக்கும் கொடுங்கள்.

அடுத்தது, கண்டி அல்லது பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் பயணம். துவாயில் சுற்றிப் பிள்ளையை ஏற்றிவிட்டுத் தாயை வார்ட்டிலேயே விட்டுவிடுகிறோம். ஏற்கெனவே குளிர்ந்த பிள்ளையைத் துணி சூடாக்காது. தானாக மூச்சுவிடும் பிள்ளை என்றால், தொப்பியும் காலுறையும் போட்டு, தாயின் வெற்று மார்போடு அணைத்து மேலே போர்த்துங்கள். பிறந்தவுடனேயே இந்தக் கங்காரு முறையைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்துவிட்டது. தாய் எழுந்திருக்க முடியாவிட்டால் தகப்பனோ அம்மாயியோ மார்பில் போட்டுக்கொள்ளட்டும். ஆண்கள் வெட்கப்படுவார்கள்தான், தாதி அதட்டினால் சரியாகிவிடும்.

1,200 கிராம் பிள்ளையைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. அதை எல்லோரும் சுற்றி நின்று பார்ப்பார்கள். 35 வாரத்தில் பிறந்து, பார்வைக்கு நிறைமாதப் பிள்ளைபோல இருப்பதுதான் கைநழுவிப் போகும். இரண்டு வாய் பால் குடித்துவிட்டுத் தூங்கிவிடும். சர்க்கரை இறங்கும், மஞ்சட்காமாலை ஏறும். லயத்துக் காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டு அறை) இருட்டில் மஞ்சள் தெரியாது. காலை வெளிச்சத்தில் இஸ்தோப்புக்கு, அதாவது வாசல் திண்ணைக்குக் கொண்டுவந்து, நெற்றியை விரலால் அழுத்திப் பார்க்கத் தாய்க்குக் காட்டிக்கொடுங்கள். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் பரவியிருந்தாலும், நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலும், நெஞ்சு உள்ளே இழுத்தாலும் பொழுது விடியக் காத்திருக்கக்கூடாது. உடனே 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

இதையெல்லாம் தமிழில் சொல்லுங்கள், தமிழில் எழுதியும் கொடுங்கள். 1987இலேயே தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. இன்றும் சிங்களத்தில் மட்டும் எழுதிய ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டோடு தாய்மார் வீடு போகிறார்கள். சொன்னதைத் தாயின் வாயால் திருப்பிச் சொல்லவைத்த பிறகே வீட்டுக்கு அனுப்பும் துண்டை எழுதிக் கொடுங்கள். அன்றைக்கே அந்தத் தோட்டத்துக் குடும்பநல மாதுவுக்கு (வீடு வீடாக வரும் மருத்துவிச்சிக்கு) தொலைபேசியில் தகவல் போக வேண்டும். மறுநாளே அவர் வெப்பமானியோடு அந்தக் காம்பராவுக்குப் போய்வர வாகன ஏற்பாடும் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாதி ஒருவர்,
ஹட்டன்