அந்த நாடாக்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒளிபரப்பான அந்தக் கார்ப் பந்தய அணி ஆவணத் தொடரை உங்கள் வீட்டு விசிஆரில் (வீடியோ நாடாவில் பதியும் இயந்திரத்தில்) பதிவு செய்து வைத்திருப்பதாகவும், படம் மங்கிப்போய் நடுநடுவே விளம்பரங்களும் கிடப்பதால் பெட்டியோடு அப்புறப்படுத்திவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் இணைத்திருந்த பட்டியலில் இரண்டாம் பகுதியும் கடைசிப் பகுதியும் இருப்பதைக் கண்டேன். அந்தத் தொடரைத் தேடிவரும் எங்களிடம் இல்லாதவை அந்த இரண்டும்தான். ஆகவே பெட்டியைத் தொடுவதற்கு முன் இந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படிக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

பந்தயங்கள் எல்லாம் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன, இதில் தனியாக என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பந்தய ஒளிபரப்பு ஓடுகிற கார்களைத்தான் காட்டும். ஓடாமல் போன கார்களுக்கு அதில் இடமில்லை. 1989-ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பருவத்தில் 20 அணிகள், 39 கார்கள். தகுதிச் சுற்றில் கலந்துகொள்ள 30 கார்களுக்கும், பந்தயத்தில் ஓட 26 கார்களுக்கும் மட்டுமே அனுமதி. அதனால் 13 கார்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே முன்தகுதிச் சுற்றில் ஒரு மணி நேரம் போராடவேண்டும். அவற்றில் நான்குதான் மேலே போகும். மற்ற ஒன்பது கார்களின் அணியினரும், பார்வையாளர்கள் வந்து உட்காருவதற்கு முன்பே, கொண்டுவந்த காரை மறுபடி லாரியில் ஏற்றவேண்டியதுதான். 1990-இல் லைஃப் என்ற இத்தாலிய அணி 14 பந்தயங்களுக்குப் பதிவு செய்தும் ஒருமுறைகூட இந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை. 1992-இல் ஆந்த்ரேயா மோதா அணியின் காரை அதன் ஓட்டுநர் ராபர்ட்டோ மொரேனோ மொனாக்கோ பந்தயத்தின் தொடக்க வரிசையில் 26-ஆவது, அதாவது கடைசி இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பதினொரு சுற்றுகளில் இஞ்சின் பழுதாகி அவர் ஒதுங்கியதைப் பந்தயப் பதிவில் பார்க்கலாம், ஆனால் அந்த இடத்தைப் பிடிக்க அந்த அணி எப்படிப் பாடுபட்டது என்பதற்கு அதில் சாட்சியம் இல்லை.

பெரிய பெயர்களுக்கும் இதே கதிதான். 1966, 1967, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் உலக சாம்பியன்களைத் தந்த பிராபம் அணி 1992 ஆகஸ்டில் ஹங்கேரியில் தன் கடைசிப் பந்தயத்தை ஓடியது. அதில் அந்த அணியின் ஓட்டுநர் டேமன் ஹில் பதினோராவதாக வந்தார். அணி மூடப்பட்டால் கார்களை வாங்கச் சேகரிப்பாளர்கள் வரிசையில் நிற்பார்கள். அணிக்குள் எடுக்கப்பட்ட ஒளிநாடாக்களுக்கு அப்படி யாரும் வருவதில்லை.

உங்களிடம் உள்ள தொடரின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. எங்களிடம் இருக்கும் மூன்றாம் பகுதியில் ஒரு காட்சி வரும். நீங்கள் அப்போதே பார்த்திருப்பீர்கள். முன்தகுதிச் சுற்று முடிந்து நேரப் பட்டியல் வந்துவிட்டது, அணி தேறவில்லை. யாரும் யாரிடமும் பேசவில்லை. ஒரு மெக்கானிக் மட்டும் காரின் பின்சக்கரங்களைக் கழற்றி, ஒவ்வொரு நட்டையும் துணியால் துடைத்து, அதற்குரிய தட்டில் வரிசை தவறாமல் வைக்கிறார். பக்கத்துக் கொட்டகையில் வேறொரு அணியின் காற்றுத் துப்பாக்கி சக்கரம் முறுக்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது. அவர்களுக்கு அன்றைய வேலை அப்போதுதான் தொடங்குகிறது. கேமரா நகராமல் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. பின்வரிசை அணி என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்த காட்சி அதுதான். ஆனால் அந்த அணி அந்த நிலைக்கு எப்படி வந்தது என்பது இரண்டாம் பகுதியிலும், அந்த ஆண்டை எப்படி முடித்தது என்பது கடைசிப் பகுதியிலும் இருக்கிறது. அவை இல்லாததால் இந்தக் காட்சி முன்னும் பின்னும் இல்லாமல் தனியே நிற்கிறது.

தயாரித்தவர்களிடம் மூலப் பிரதி இருக்காதா என்றும் கேட்டிருந்தீர்கள். இம்மாதிரித் தொடர்களில் உரிமை பல கைகளில் சிதறிக்கிடக்கும்: எடுத்த நிறுவனம், ஒளிபரப்பிய நிலையம், பின்னணி இசைக்கு உரிமை உள்ளவர்கள், அணி என்று. எடுத்த நிறுவனம் கைமாறும்போதோ மூடப்படும்போதோ மூல நாடாக்கள் கிடங்கிலிருந்து கிடங்குக்குப் போய் எங்கோ தொலைந்துவிடும். கிடைத்தாலும், கார்களின் மேலெல்லாம் புகையிலை விளம்பரம் ஒட்டியிருந்த காலம் அது. இன்று அதை அப்படியே மறுஒளிபரப்பு செய்யப் பல நாடுகளில் தயங்குவார்கள். நிறுவனங்கள் மீட்டுக் கொடுக்கும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இத்தகைய பதிவுகள் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் உங்களைப் போன்றவர்களின் அலமாரியிலிருந்துதான்.

இனி நாடாவைப் பற்றி. ஆர்வத்தில் உடனே ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்துவிடாதீர்கள். இதை நான் மிகவும் அழுத்திச் சொல்கிறேன். முதலில் கேசட்டின் கண்ணாடிச் சாளரத்தை வெளிச்சத்தில் காட்டி, சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி போலப் பூஞ்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை எந்த டெக்கிலும், அதாவது நாடா ஓட்டும் இயந்திரத்திலும், போடக்கூடாது. நாடாவைப் படிக்கும் பாகமான ஹெட்டில் ஒட்டிய பூஞ்சை அடுத்து போடும் நல்ல நாடாவுக்கும் பரவும். கேசட்டின் முதுகுப்பக்கம் உள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கு இன்னும் உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். யாரும் தெரியாமல் மேலே பதிவு செய்துவிட முடியாது. குளிர்ந்த இடத்தில் இருந்த பெட்டியை வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்தால், ஒரு நாள் முழுக்கத் திறக்காமல் வைத்திருங்கள். நாடாவின் மேல் ஈரம் படிந்திருந்தால் அது ஹெட்டில் ஒட்டிக் கிழியும். கேசட்டுகளைப் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள்.

படம் மங்கல் என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். வீட்டில் பயன்படுத்திய விஎச்எஸ் வகை நாடாவில் பதியும் விவரமே குறைவு; ஒளிபரப்பில் இருந்ததில் பாதி கூர்மைதான் அதில் தங்கும். ஆனால் சாதாரண டெக்கில் தெரியும் ஆட்டமும் கோடுகளும் எல்லாமே நாடாவின் குற்றம் அல்ல. படத்தின் வரிகள் வரும் நேரத்தை ஒழுங்குபடுத்தும் டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி வழியாக அனுப்பினாலே பாதி நடுக்கம் போய்விடும். ஹெட் படிக்கும் மூல சமிக்ஞையையே அப்படியே கணினியில் சேமித்து, படத்தை மென்பொருளால் பிரித்தெடுக்கும் முறையும் இப்போது இருக்கிறது. எங்கள் குழுவில் அதைச் செய்பவர்கள் உண்டு. நாடாவை எத்தனை முறை ஓட்டுகிறோமோ அத்தனை தேய்மானம் என்பதால், முதல் ஓட்டமே பிரதி எடுக்கும் ஓட்டமாக இருக்கவேண்டும்.

விளம்பரங்களை வெட்டுவது பற்றியும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து எதையும் வெட்டவேண்டாம். பகுதி எந்த வாரம் ஒளிபரப்பானது, அது முதல் ஒளிபரப்பா மறுஒளிபரப்பா என்பதை உறுதிசெய்ய அந்த விளம்பரங்களும், நடுவில் வரும் அறிவிப்பாளர் குரலும்தான் பலமுறை உதவுகின்றன. இறுதியில் ஓடும் பெயர்ப் பட்டியல் பாதியில் நின்றுபோயிருந்தாலும் பரவாயில்லை; அதில் தெரியும் ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர் பெயர்களைப் பிடித்துக்கொண்டுதான் மூல நாடாவைத் தேடவே முடியும். கேசட் உறையில் நீங்கள் கையால் எழுதிய குறிப்புகளையும் படமெடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். அந்நாளில் பதிவு செய்த விசிஆர் உங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறதா? நாடாவை மிச்சம் பிடிக்க மெதுவான வேகத்தில் பதிவு செய்திருந்தால், பெரும்பாலும் அதே இயந்திரத்தில்தான் அந்த நாடா ஒழுங்காக ஓடும். ஹெட்டின் சாய்வு இயந்திரத்துக்கு இயந்திரம் கொஞ்சம் மாறும். புதிதாக வாங்கவும் வழியில்லை. கடைசியாக விசிஆர் தயாரித்துவந்த ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இயந்திரம் ஓடாவிட்டாலும் பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள், ரப்பர் பட்டையும் உருளையும் மாற்றினாலே பல இயந்திரங்கள் எழுந்துவிடும். நாடாக்களையும் அதையும் ஒன்றாக வாங்கிக்கொள்ள, உங்களுக்கு வசதியான நாளில் நாங்களே நேரில் வருகிறோம். பிரதி எடுத்தபின் அசல் நாடாக்கள் உங்களிடமே திரும்பிவிடும். அவற்றை இவ்வளவு காலம் காப்பாற்றியவர் நீங்கள்.

மிகுந்த நன்றியுடன்,
தங்கள் அன்புள்ள வாசகன்