வீட்டில் முதல் வகுப்பு: ஓராண்டு நாட்குறிப்பிலிருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிச் சேர்க்கை பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் நாள்தோறும் வரும் இந்தப் பருவத்தில், பிள்ளையை ஓராண்டு வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோரும் சிலர் இருப்பார்கள். எங்கள் மகளுக்குச் சென்ற ஆண்டு மே மாதம் ஐந்து வயது நிறைந்தது. ஜூன் முதல் ஏப்ரல் வரை அவளுக்கு முதல் வகுப்பை வீட்டிலேயே நடத்தி முடித்த தாய் என்ற முறையில், திட்டமிடுவதில் நான் செய்த தவறுகளையும், கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோளையும் எழுத விரும்புகிறேன்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு உரியது. தமிழ்நாட்டிலோ ஐந்து வயது நிறைந்தாலே முதல் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள். இடைப்பட்ட அந்த ஓராண்டை நம்பித்தான் நாங்கள் துணிந்தோம். ஆறு வயதுக்குப் பின் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அச்சட்டத்தின் 10-ஆம் பிரிவு. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை, வீட்டுவழிக் கல்வியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

என் முதல் தவறு கால அட்டவணை. நாற்பது நிமிடத்துக்கு ஒன்றாக எட்டுப் பாடவேளைகளை வண்ண அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். மூன்றாவது வாரத்தில் அவளும் அழுதாள், நானும் அழுதேன். "ஒத்தப் பிள்ளைக்கு எதுக்குத்தா எட்டு பீரியடு?" என்று என் மாமியார் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. யோசித்துப் பார்த்தால், பள்ளியின் நாற்பது நிமிடத்தில் வருகைப் பதிவும், அமைதிப்படுத்துவதும், வரிசையாக நோட்டுத் திருத்துவதும் அடங்கியிருக்கின்றன. ஒரே பிள்ளைக்குக் காலையில் ஒன்றேகால் மணி நேரம் போதும் என்பதையும், அதையும் இரண்டாகப் பிரித்து நடுவில் விளையாட விட்டால்தான் நிற்கும் என்பதையும் ஆகஸ்டுக்குள் அறிந்துகொண்டேன்.

அட்டவணையைக் கிழித்த பின் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வோர் இரவும் மூன்று வரிகள் எழுதத் தொடங்கினேன்: இன்று என்ன செய்தோம், எங்கே தடுமாறினாள், என்ன கேட்டாள். சனிக்கிழமை அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த வாரத்துக்கான திட்டத்தை எழுதுவேன். ஓராண்டுக்கான பெரிய எல்லைகளுக்கு அரசின் முதல் வகுப்புப் பாடநூல்களே போதுமானவையாக இருந்தன. மூன்று பருவங்களாகப் பிரிக்கப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் ஆண்டையும் அவ்வாறே மூன்றாக வகுத்துக்கொண்டோம். தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் செலவிட்டு வாங்கிய பயிற்சித் தாள்களும் ஒட்டுப் படங்களும் இன்னும் பரணில்தான் இருக்கின்றன.

முதல் பருவத்தில் எழுத்தையே தொடவில்லை. கதை, பாட்டு, கோலப்புள்ளி வைத்தல், ஆழாக்கால் அரிசி அளத்தல் என்று ஓட்டிவிட்டு, விஜயதசமியன்று தட்டில் பரப்பிய அரிசியில்தான் எழுத்தைத் தொடங்கினோம். சுற்றத்தார் பதறினார்கள், எனக்கும் உள்ளூரப் பயம்தான். அன்று 'அ' எழுதியது சடங்குக்கு. மறுநாளே 'ட', 'ப', 'ம' என்று ஆரம்பித்துவிட்டோம். 'அ' என்பது சுழியும் வளைவும் கோடும் சேர்ந்த எழுத்து. 'ட', 'ப' இரண்டும் வெறும் நேர்கோடுகள். இந்த மூன்றோடு புள்ளியையும் கற்றுக்கொடுத்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே சொற்களை வாசித்துவிடலாம். 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பித்துவிட்டு ஒரு சொல்லையும் வாசிக்கத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். 216 உயிர்மெய்யைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல், பதினெட்டு எழுத்துகளோடு சேரும் குறிகளாகக் கற்றாலே சுமை பெருமளவு குறைகிறது. ஆயினும் 'கு', 'சு', 'து', 'யு' என்று உகரம் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் குறி முன்னால் நிற்க, ஒலியோ பின்னால் வருகிறது. இவ்விரண்டுக்காக மட்டும் ஜனவரி முழுவதையும் ஒதுக்க நேர்ந்தது. திட்டத்தில் அதற்கு நான் கொடுத்திருந்தது ஒரு வாரம்.

இன்னொரு தடையை நான் எதிர்பார்க்கவே இல்லை. "பூனை தூங்குது" என்று பேசும் பிள்ளைக்கு "பூனை தூங்குகிறது" என்ற வரி அயல்மொழி போலிருக்கிறது. அவள் சொன்ன வாக்கியத்தை அவள் சொன்னபடியே எழுதி, அதன் கீழே எழுத்துத் தமிழில் எழுதிக் காட்டத் தொடங்கிய பிறகே வாசிப்பில் வேகம் வந்தது. கணக்கில் புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் கைகொடுத்தன. ஆனால் எண்பத்தொன்பதுக்குப் பிறகு 'ஒன்பது பத்து' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். இருபது, முப்பது என்று பழகிய காதுக்குத் தொண்ணூறு எங்கிருந்து வரும்? அந்தத் தடுமாற்றம் என் நோட்டில் ஐந்து நாள் தொடர்ந்து பதிவாகியிருக்கிறது.

விளையாட்டுத் தோழமைக்குப் பள்ளி விட்டு வரும் தெருப் பிள்ளைகளின் மாலை நேரம் போதுமானதாக இருந்தது.

எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் இல்லை. வீட்டில் பாட்டி இருந்ததாலும், என் வேலை பிற்பகலில் மட்டும் என்பதாலும் எங்களுக்கு இது கைகூடியது. 2022 செப்டம்பரில் எங்கள் மதுரையில்தான் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அந்த உணவும் மதிய உணவும் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கே கிடைக்கும். தனியார் பள்ளிகளின் 25 விழுக்காடு இலவச இடங்களும் தொடக்க வகுப்பில் சேர்வோருக்கு உரியவை என்பதால், அந்த ஆண்டைத் தவறவிட்டால் வாய்ப்பும் போய்விடும். அவற்றை நம்பியிருக்கும் குடும்பங்கள் இதை நன்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்போது ஆறு வயது நிறைந்த மகளை இரண்டாம் வகுப்பில் சேர்க்க முயல்கிறோம். ஒரு தனியார் பள்ளியில் முதல் வகுப்பின் மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பமே தர முடியாது என்றார்கள். அருகிலுள்ள அரசுப் பள்ளியின் தலைமையாசிரியையோ என் நோட்டைப் பத்து நிமிடம் புரட்டிவிட்டு, அவளை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஆறு வயதைக் கடந்தும் பள்ளியில் சேராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று சட்டத்தின் 4-ஆம் பிரிவே சொல்லும்போது, இது பள்ளிக்குப் பள்ளி மாறுவானேன்? வீட்டில் படித்த பிள்ளையின் வகுப்பை எவ்வாறு முடிவுசெய்வது, எந்தச் சான்றிதழைக் கேட்கக் கூடாது, பெற்றோர் யாரை அணுக வேண்டும் என்பவற்றை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிப் பள்ளிக் கல்வித் துறை எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும் என்பதே என் வேண்டுகோள். புதிய கல்வியாண்டு தொடங்கும் முன் இதைத் துறையின் கவனத்துக்குக் கொண்டுசெல்லுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.